தரங்கம்பாடியில் மூன்று நாள்

தமிழகத்துக்கு வெளியே உத்தியோகம் பார்க்கும் குடும்பங்களுக்கு விடுமுறை என்பது பெரும்பாலும் ஒரு கணக்கு. பன்னிரண்டு நாள் விடுப்புக் கிடைத்தால், போகவர ரயிலில் நான்கு நாள். பெற்றோர் வீட்டில் நான்கு நாள். திருமணம் விசாரித்தல், துக்கம் விசாரித்தல் என உறவினர் பொருட்டு ஒரு நாள். எஞ்சுவது மூன்று நாள். அந்த மூன்று நாளை எங்கே கழிப்பது என்பதுதான் ஆண்டுதோறும் நம்மவர் வீடுகளில் எழும் விவாதம். குழந்தைகள் கடல் வேண்டும் என்பார்கள். பெரியவர்கள் ஒரு கோயிலாவது வேண்டும் என்பார்கள். நம்மைப் போன்ற சிலருக்கோ, சரித்திர வாடை இல்லாத ஊர் உப்பில்லாப் பண்டம்.

இம்மூவகையினரும் மனமொத்துச் செல்லத்தக்க ஊர் ஒன்று சோழநாட்டுக் கடற்கரையில் இருக்கிறது. பூம்புகாருக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே, திருக்கடையூரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள தரங்கம்பாடியே அவ்வூர். முன்னர் நாகப்பட்டின மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அது, 2020-ஆம் ஆண்டில் மயிலாடுதுறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. வருகின்ற பொங்கலை ஒட்டி அங்கே மூன்று நாள் தங்குவது என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். அதற்கென வகுத்த திட்டத்தையும், திட்டம் வகுக்குங்கால் படித்தறிந்த சரித்திரத்தையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்வூரைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லச் சற்று நாணமாகவே இருக்கிறது. நாம் தில்லியில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், பல்லாண்டுகளாக மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து வருகிறோம். சென்ற ஐப்பசியில் ஊரிலிருந்து கடிதம் ஒன்று வந்தது. பாட்டி தம் கைப்படப் பேத்திக்கு எழுதியது. நம் மகளுக்கு வயது பன்னிரண்டு, தில்லியில் பிறந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, “படித்துச் சொல்லுங்களேன்” என்று நம்மிடம் நீட்டினாள். படித்தோம். இரண்டொரு சொல் அவளுக்கு விளங்கவில்லை. அவற்றை இந்தியில் சொன்னோம். பகலெல்லாம் அலுவலகத்தில் செய்யும் வேலையைப் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே நின்று இரவில் வீட்டிலும் செய்தோம். கடிதத்தின் கடைசி வரி பேத்திக்கு மட்டும் உரிய இரகசியம். அதையும் நாமே படிக்க வேண்டியிருந்தது.

அன்றிரவே தரங்கம்பாடி நம் நினைவுக்கு வந்தது. ஏனெனில், மொழி அறியாதார் மொழி கற்ற ஊர் அது; மொழி அறிந்தார் இருவர்க்கிடையே நின்று பிழைத்த ஊர் அது. கோட்டையையும் மாதா கோயில்களையும் காட்டும் ஊராகவே பலர் அதனை அறிவர். துபாஷிகளின் ஊராகவும் அதனைக் காணலாம் என்பது நம் எண்ணம்.

முதலில் பிரயாண விவரம். தில்லிப் பள்ளிகளுக்குச் சனவரித் தொடக்கத்தில் குளிர்கால விடுமுறை வருகிறது. அக்காலத்தில் சோழநாட்டுக் கரையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயிலும் தாழ்ந்திருக்கும். சித்திரை வைகாசியில் சென்றால் பத்து மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க இயலாது. சென்னையிலிருந்து மயிலாடுதுறை வரை ரயிலில் செல்லலாம், அப்பால் பேருந்துதான். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் ஓர் இருப்புப் பாதை போடப்பட்டது. அறுபது ஆண்டுகள் ஓடிய அந்த ரயில் 1986-இல் நிறுத்தப்பட்டது. ஊரில் தங்குமிடங்கள் சிலவே. ஆதலின் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இடம் கிடைக்காதவர்கள் மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ தங்கிக்கொண்டு பகலில் வந்து திரும்பலாம். கோட்டை அருங்காட்சியகம் வாரத்தில் எந்நாள் மூடப்படும் என்பதை முன்னரே கேட்டறிந்து செல்வது நலம். கடற்கரையில் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ள பகுதிகள் நீந்துவதற்கு ஏற்றவை அல்ல என்பதைக் குழந்தைகளுக்கு ஊரை விட்டுப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது உத்தமம்.

முதல் நாளைக் கடற்கரைக்கும் கோயிலுக்கும் கோட்டைக்கும் ஒதுக்கியிருக்கிறோம். காலையில் முதலில் காண வேண்டியது மாசிலாமணி நாதர் கோயில். கடலை ஒட்டி நிற்கும் இக்கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டில் எழுந்தது. டேனிஷ்காரர் இக்கரையில் இறங்குவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. தரங்கம் என்றால் அலை. அலைகள் பாடும் ஊர் என்று இன்று நாம் சொல்லி மகிழும் பொருள் பின்னர்த் தோன்றியது. ஐரோப்பியர் நாவில் அப்பெயர் டிராங்குபார் எனத் திரிந்தது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதி அண்மைக்காலத்தில் திருப்பணி செய்யப்பட்டுள்ளது. ஐரோப்பியர் வந்த பின்னரே இக்கரைக்குச் சரித்திரம் பிறந்தது என்று நினைப்பவர்களுக்கு இக்கோயிலே தக்க விடை. ஆதலின் கோட்டைக்குப் போகும் முன் இங்கே வருவதுதான் முறை.

கோட்டையின் கதை 1616-இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியான் ஆதரவில் கிழக்கிந்தியக் கும்பினி ஒன்று அமைந்தது. 1618-இல் ஓவே கெட்டே என்னும் இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. அவர்கள் முதலில் நாடியது தமிழகத்தை அன்று; இலங்கையை. கண்டி மன்னரோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் முயற்சி கைகூடவில்லை. இதற்கிடையே ரோலந்து கிராப்பே என்பவர் தலைமையில் முன்னதாக வந்த கப்பல் ஒன்று காரைக்கால் கரைக்கருகே போர்ச்சுகீசியரால் தாக்கப்பட்டது. உயிர் தப்பிய கிராப்பே தஞ்சை அரசவையை அடைந்தார். அங்கே அவர் பேசிய பேச்சின் விளைவே தரங்கம்பாடி. 1620-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரருக்கு இத்துறையில் கோட்டை கட்டவும் வாணிகம் செய்யவும் இசைவு அளித்தார். டென்மார்க்கு மன்னருக்கு அவர் விடுத்த மடல் பொன்னேட்டில் பொறிக்கப்பட்டது. அது இன்றும் கோபன்ஹேகன் நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இவ்விடத்தில் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்தல் தகும். மடல் விடுத்த மன்னரோ தெலுங்கில் நூல்கள் இயற்றிய புலவர். மடல் எழுதப்பட்டதோ தமிழில். பெறவேண்டியவர் டேனிஷ் பேசும் மன்னர். அக்காலத்தில் இக்கரை வாணிகத்தின் பொதுமொழியாக வழங்கியதோ போர்ச்சுகீசியம். நான்கு மொழிகள் கூடிய அந்தச் சபையில் ஒருவர் பேச்சை ஒருவர்க்கு எடுத்துரைத்தவர் யார்? மன்னர்கள் பெயரும் தளபதிகள் பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. எந்நாட்டு உடன்படிக்கைக்கும் பின்னால் நிற்கும் மொழிபெயர்ப்பாளன் பெயர் பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. நம் தொழிலின் இயல்பு அது. அதனைக் குறையாகச் சொல்லவில்லை. கோட்டை வாயிலில் நிற்கையில் அவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்லுகிறோம்.

டான்ஸ்போர்க் என்னும் அக்கோட்டை கடலைப் பார்த்தவாறு நிற்கிறது. கீழ்த்தளத்தில் பண்டகசாலைகளும் சிறையும். மேல்தளத்தில் ஆளுநரும் பிற அலுவலரும் தங்கிய அறைகள். இன்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அங்கே அருங்காட்சியகம் அமைத்துள்ளது. கோட்டை மதில்மேல் நின்று கடலைப் பார்க்கும்போது குழந்தைகளுக்குச் சொல்லத்தக்க கதை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் போர்களும் வறுமையும் சூழவே, 1639-க்குப் பிறகு ஏறத்தாழ முப்பதாண்டு காலம் டென்மார்க்கிலிருந்து இங்கே கப்பலே அனுப்பப்படவில்லை. உடனிருந்தோர் இறந்தும் பிரிந்தும் போக, 1655-க்குப் பின்னர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்னும் ஒரே ஒரு டேனிஷ்காரர் எஞ்சினார். ஊராரைத் துணைகொண்டு கோட்டையைக் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பி, தம் மன்னர் கொடியை இறக்காமல் இருந்தார். 1669-இல்தான் அடுத்த கப்பல் வந்தது. சொந்த நாட்டிலிருந்து செய்தியே வராமல் அத்தனை ஆண்டு இருந்த மனிதர் எம்மொழியில் கனவு கண்டிருப்பார்? வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இக்கேள்வி அந்நியமானது அன்று.

இரண்டாம் நாள் முழுவதும் ஊருக்குள். 1792-இல் புதுப்பிக்கப்பட்ட நகர வாயிலின் வழியாக நுழைந்தால் ராஜ வீதி கடலை நோக்கி நேரே செல்கிறது. இருபுறமும் பழைய வீடுகள். 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம். அதற்கு எதிர்ப்புறம் சற்றுத் தள்ளிப் புதிய எருசலேம் ஆலயம். தெருவைக் கால்மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆயினும் நாம் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். ஏனெனில் தரங்கம்பாடியின் உயிர் இந்தத் தெருக்களில்தான் இருக்கிறது.

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இரண்டு செருமானிய இளைஞர்கள் இக்கரையில் இறங்கினர். ஒருவர் பர்த்தொலொமேயு சீகன்பால்கு. மற்றவர் ஹைன்ரிக் புளுட்சோ. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் அவர்களை அனுப்பினார். தம் சமயத்தைப் பரப்புவதே அவர்கள் வந்த நோக்கம்; அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மன்னர் அனுப்பிய பாதிரிமாரைக் கும்பினியின் ஆளுநர் விரும்பவில்லை. வாணிகத்துக்கு இடையூறு வருமென அஞ்சினார். பிறிதொரு சமயம், 1708-இல், சீகன்பால்கு ஏறத்தாழ நான்கு மாதம் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். முதல் நாள் பார்த்த அதே கோட்டைதான்.

இருபதைச் சற்றே கடந்த அந்த இளைஞருக்கு இங்கு வந்தபோது தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. அவர் என்ன செய்தார்? திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தாம் தங்கிய இடத்திலேயே பள்ளி நடத்தச் செய்தார். நம் நாட்டுச் சிறுவரோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். ஆசிரியர் சொல்ல, சிறுவர் உரக்கச் சொல்ல, அவரும் கூடச் சொன்னார். தம்மினும் வயதில் மிக இளைய பிள்ளைகளின் வரிசையில் அமர அவர் வெட்கப்படவில்லை. இக்காட்சியைத்தான் நம் மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறோம். எழுத்து அறியாமை வெட்கம் அன்று; உட்கார்ந்து கற்காமையே வெட்கம் என்பதை நாம் வாயால் சொன்னால் அறிவுரை ஆகிவிடும். அந்தத் தெருவில் நின்று சொன்னால் கதை ஆகும்.

எழுத்துப் பயிற்சி மட்டும் போதவில்லை. பொருள் சொல்ல ஆள் வேண்டும். அப்போது வந்து சேர்ந்தவர் அழகப்பர். ஐரோப்பியர் ஏடுகள் அவரை ‘அலெப்பா’ என்று எழுதுகின்றன. அவர் கும்பினியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்; போர்ச்சுகீசியமும் டேனிஷும் செருமனும் அறிந்தவர். துபாஷி என்னும் சொல்லுக்கே இரண்டு பாஷை அறிந்தவர் என்பதுதான் பொருள். அழகப்பரோ இரண்டுக்கு மேல் அறிந்திருந்தார். தமிழர் வழக்கங்களையும் நூல்களையும் சமயக் கருத்துகளையும் சீகன்பால்குக்கு எடுத்துரைத்தவர்களில் அவர் முதன்மையானவர். அந்தப் பணிக்காக அவர் அடைந்த பயன் என்ன? பாதிரிமார்க்கும் கும்பினிக்கும் இருந்த பகையில் அவரே நடுவில் அகப்பட்டார். ஊரை விட்டு நீங்க நேர்ந்தது. இருவர்க்கிடையே நிற்பவன்மீது இருபுறத்து அடியும் விழும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. சீகன்பால்கு வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அழகப்பர் வாழ்ந்த வீடு எது என்று காட்டும் பலகையை நாம் எங்கும் படித்ததில்லை.

கற்கத் தொடங்கிய இரண்டே ஆண்டில், 1708-இல், சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அதில் இடம்பெற்றன. திருக்குறளும் தொல்காப்பியமும் அவற்றுள் அடங்கும். கற்றறிந்தவர் மறைந்த வீடுகளில் கேட்பாரற்றுக் கிடந்த ஏடுகளையும் ஆள் அனுப்பி விலைக்கு வாங்கியிருக்கிறார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவானதொரு நூலை எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். ‘புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவுக்குள் பரப்புவதா’ என்னும் கருத்தினால் அங்குள்ள பெரியவர்கள் அதனை அச்சிடாமல் வைத்துவிட்டனர். அது அச்சேறியது 1867-இல், சென்னையில். ஒரு மக்களின் மொழியை ஆழ்ந்து கற்றவன், அனுப்பியவர்கள் எதிர்பார்த்த மனிதனாகவே திரும்புவதில்லை என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

அடுத்து அச்சுக்கூடம். தமிழ் அச்சு தரங்கம்பாடியில் பிறந்ததன்று. 1578-லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்டது. எனினும் நின்றுபோன அந்த முயற்சிக்கு நெடுங்காலத்துக்குப் பின் உயிர் கொடுத்தது இவ்வூர். 1712-இல் இலண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறி வந்தது. 1713-இல் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளும், அவற்றைக் கையாளத் தெரிந்த அச்சுத் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். அவ்வெழுத்துகளோ பெரியவை, தாளோ கடல் கடந்து வர வேண்டியது. பெரிய எழுத்தில் அச்சிட்டால் தாள் தீர்ந்துவிடும். ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அருகிலேயே தாள் செய்யும் பட்டறையும் அமைத்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. சமயம் எதுவாயினும், நம் எழுத்துக்கு ஈய உரு அளிக்க இந்த மணற்கரையில் சிலர் பட்ட பாடு நினைக்கத்தக்கது. கைத்தொலைபேசியில் விரல் தொட்டவுடன் தமிழ் எழுத்து தோன்றும் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஓரெழுத்தை வார்ப்பதற்கு எத்தனை கை வேண்டியிருந்தது என்று சொல்லிக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் கட்டி முடிக்கப்பட்டது. முகப்பில் மன்னர் பிரடெரிக்கின் முடியும் பெயர்க்குறியும் காணலாம். அடுத்த ஆண்டே, 1719 பிப்ரவரி 23-இல், சீகன்பால்கு காலமானார். அவ்வாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். நாற்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை.

ஆனால் நம் நெஞ்சைத் தொட்டது அந்தக் கல்லறையினும் வேறொன்று. 1712 முதல் 1714 வரையில் சீகன்பால்குவும் அவருடன் பணியாற்றிய குருண்ட்லர் என்பவரும் தமிழர் பலர்க்குக் கேள்விகள் விடுத்தனர். உங்கள் வழிபாடு எத்தகையது, கல்வி எத்தகையது, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்விகள். தமிழர் தமிழில் விடை எழுதினர். சிலர் பணிவாக எழுதினர். சிலர் ஐரோப்பியரின் ஒழுக்கத்தையே குறைகூறி எழுதினர். அவற்றுள் பல அழகப்பரே எழுதியவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவர். 99 கடிதங்கள் செருமனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. அந்தச் செருமன் நூல் இருக்கிறது. தமிழ் மூலங்கள் கிடைக்கவில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் சோழநாட்டு மக்கள் மனம் திறந்து எழுதிய சொற்களை இன்று நாம் பிறமொழி வாயிலாகத்தான் கேட்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர் இதைப் படித்துப் பெருமைப்படலாம். மொழிபெயர்த்தவர் இல்லையேல் அக்குரல்கள் அறவே அவிந்திருக்கும் அல்லவா? நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். பின்னர்ப் பாட்டியின் கடிதம் நினைவுக்கு வந்தது. பேத்திக்கு எட்டியது நம் சொல். பாட்டியின் சொல் தாளிலேயே இருந்துவிட்டது. மூலம் கையில் இருக்கும்போதே மொழிபெயர்ப்போடு நிறைவடைவது எப்படிப் பொருந்தும்? 99 கடிதங்களின் மூலத்தை இனித் தேடிப் பெறுவது அரிது. நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் கடிதத்தை அப்படி விட்டுவிடலாகாது.

மூன்றாம் நாள் அரைநாள்தான். காலையில் ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் மீனவர் குடியிருப்பின் பக்கமும் செல்வதாகத் திட்டம். அழகிய தெருக்களை மட்டும் பார்த்துத் திரும்பினால் சரித்திரத்தின் பாதியைத்தான் பார்த்தவராவோம். மிளகும் துணியும் ஏற்றுமதியான இதே துறையிலிருந்து பஞ்சத்தில் அடிபட்ட ஏழை மக்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஆலயத்துக்குள்ளும் சாதி வாரியாக வெவ்வேறு பக்கம் அமர்ந்தார்கள். இவற்றையும் குழந்தைகள் அறிய வேண்டும். அவர்கள் வயதுக்குத் தக்கவாறு சொல்வது நம் பொறுப்பு.

இங்கிலாந்தும் பிரான்சும் பொருதிய காலத்தில் எப்பக்கமும் சேராத டென்மார்க்கின் துறைமுகம் செழித்தது. பின்னர் ஆங்கிலேயர் 1808-இல் இவ்வூரைக் கைப்பற்றி 1815-இல் திருப்பிக் கொடுத்தனர். அதற்குள் வாணிகம் நலிந்துவிட்டது. 1845-ஆம் ஆண்டில் டென்மார்க்கு தன் இந்திய உடைமைகளுள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினிக்கு விற்றுவிட்டது. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். உங்கள் ஊரிலிருந்து சிறிது தொலைவில் ஊக்ளி நதிக்கரையில் நிற்கும் சேராம்பூர், தரங்கம்பாடிக்கு உடன்பிறந்த ஊர். 1800-இல் அங்கே அமைந்த அச்சுக்கூடம் வங்காளி முதலிய பல மொழிகளில் நூல்களை அச்சிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவ்வூரை முதலில் பார்த்துவிட்டுத் தெற்கே வந்தால் இக்கதை இன்னும் விளங்கும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சில காலம் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் இருக்கையாக இருந்த தரங்கம்பாடி, 1860-இல் அந்தப் பெருமையையும் இழந்தது. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் எஞ்சிய வாணிகம் அங்கே சென்றது. ஊர் அமைதியானது. அந்த அமைதிதான் பழைய வீடுகளைக் காத்தது என்றும் சொல்லலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அமைதி குலைந்தது. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலையில் மீனவர் குடியிருப்பு பெருஞ்சேதம் அடைந்தது, பலர் மாண்டனர். கோட்டையும் பழந்தெருக்களும் நின்றன. கரையில் வாழ்ந்த எளியவர்களே மடிந்தனர். மூன்றாம் நாள் அப்பக்கம் செல்கையில் வேடிக்கை பார்ப்பவராக அல்லாமல், வணங்கிச் செல்பவராகச் செல்ல எண்ணியிருக்கிறோம். நண்பகலுக்குப் பின் திருக்கடையூர்க் கோயிலை வழிபட்டு, அங்கிருந்தே மயிலாடுதுறைக்குத் திரும்பிவிடலாம். வீட்டுப் பெரியவர்களின் கோரிக்கையும் இதனால் நிறைவேறும்.

இனி, புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தம் ஒன்று எஞ்சுகிறது. விடுப்பு விண்ணப்பம் கையெழுத்தாகிவிட்டது. ரயில் சீட்டும் வாங்கியாயிற்று. சென்ற வாரம் ஒரு மாலை, மகளை அருகில் அழைத்து ஒரு தட்டில் அரிசியைப் பரப்பினோம். தில்லியில் நல்ல மணலுக்கு எங்கே போவது? தரங்கம்பாடி என்னும் பெயரில் ஏழே எழுத்துகள். த, ர, ங், க, ம், பா, டி. நாளுக்கோர் எழுத்தாக எழுதச் சொன்னோம். முதல் நாள் சலித்துக்கொண்டாள். பாதிரியார் கதையைச் சொன்ன பிறகு, “அவருக்கு எத்தனை நாள் ஆயிற்று?” என்று கேட்டாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை. நேற்று ஐந்தாம் எழுத்து முடிந்தது. ‘ங்’ என்னும் எழுத்தைத்தான் மூன்று முறை அழித்து எழுத வேண்டியிருந்தது.

மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்தில் எந்தப் பேருந்தில் ஏறுவது என்று நாம் யாரையும் கேட்கப்போவதில்லை. பெயர்ப் பலகை தமிழில் இருக்கும். அதைப் படித்து எங்களை ஏற்றிச் செல்லும் பொறுப்பு அவளுடையது என்று சொல்லியிருக்கிறோம். தவறான பேருந்தில் ஏற்றிவிட்டால் காரைக்காலுக்கோ சீர்காழிக்கோ போய்ச் சேர்வோம். அதனால் பெரிய நட்டம் இல்லை. பாட்டியின் கடிதத்தையும் அவள் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அதில் ஏழு எழுத்துக்கு மேல் இருக்கிறது. அவற்றையும் கற்றபின், கடைசி வரியை அவளே படித்துக்கொள்ளட்டும்.